நாற்காலி மனுஷனை என்ன செய்யும்? நம்ம மலாக்காவில் நடந்த 6 வருஷக் கதை

 

கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, பொறுமையா உட்கார்ந்து படிங்க. வீட்டுல பெரிய பிள்ளைங்க இருந்தா அவங்களுக்கும் வாசிச்சுக் காட்டுங்க. இது நம்ம ஊர்க் கதை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பாதிதான் வரும்.

ஆலயங்களில் மகாசபைக் கூட்டம் நடக்கிற காலம் வந்தால் ரெண்டு பேச்சு தவறாமல் காதில் விழும். ஒண்ணு, "அவரு முன்னாடி இப்படி இல்லீங்க, தலைவர் ஆன பிறகு ஆளே மாறிட்டாரு." இன்னொண்ணு, "பதவி போனதிலிருந்து அவரு கோயில் வாசப்படி மிதிக்கிறதில்ல." எந்த ஆலயத்துக்குப் போனாலும் இந்த ரெண்டு பேச்சும் இருக்கும். பேர் மட்டும்தான் வேற.

பதவி வந்தால் மனுஷன் ஏன் மாறுறான்? பதவி போனால் ஏன் உடைஞ்சு போறான்? இதுக்குப் பதில் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. கிளேபாங்கிலிருந்து கடலோர ரோட்டைப் பிடிச்சு லிம்போங்கான், தெங்கெரா தாண்டி டவுனுக்குப் போங்க. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற அந்த இடத்துக்கு 500 வருஷத்துக்கு முன்னால் ஊப்பே என்று பேர். தமிழ் வியாபாரிகளும் ஜாவாக்காரர்களும் பெரிய பெரிய கிடங்கு வச்சு வாழ்ந்த இடம். அங்கேயும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த அரண்மனையிலும், 1509-லிருந்து 1515 வரை, 6 வருஷத்துக்குள் ஒரே ஒரு பதவியைச் சுற்றி நடந்ததுதான் இந்தக் கதை.

அந்தப் பதவியின் பேர் பெண்டஹாரா. சுல்தானுக்கு அடுத்த இடம். இன்றைய கணக்கில் பிரதம மந்திரி மாதிரி. வழக்கு, வரி, வெளிநாட்டு வியாபாரிகள் எல்லாம் அவர் கையில். அப்போதைய மலாக்கா சாதாரண ஊர் இல்லை. 1512-இலிருந்து சில வருஷம் இங்கே தங்கி எழுதிய தோமே பிரேஸ் என்ற போர்த்துகீசியர், மலாக்கா துறைமுகத்தில் 84 மொழி பேசினார்கள் என்று எழுதி வச்சிருக்கார். கப்பல்களைக் கவனிக்க 4 ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள் இருந்தார்கள். நம்ம கீழைக் கடற்கரையிலிருந்து வந்த வியாபாரிகளை இங்கே கெலிங் என்று கூப்பிட்டார்கள். அவர்கள் கொண்டு வந்த துணிமணிக்கு இந்தத் துறைமுகத்தில் அவ்வளவு மதிப்பு.

முதல் ஆள், துன் முத்தாஹிர். பெண்டஹாரா ஸ்ரீ மகாராஜா என்பது அவர் பட்டம். மலாய்க்காரர்களின் பழைய வரலாற்று நூலான செஜாரா மெலாயு, இவர் வம்சத்தை இந்தியாவிலிருந்து வந்த மணி புரிந்தன் என்பவரோடு சேர்க்குது. கெட்டிக்காரர், நியாயஸ்தர், வெளியூர் வியாபாரிகளை அரவணைத்தவர் என்று அதே நூல் அவரைப் புகழுது. மேற்கேயிருந்து கப்பல் கிளம்பும்போது, பத்திரமா மலாக்கா போய்ச் சேர்ந்து புக்கிட் சீனா தண்ணியையும், அங்கத்து வாழைப்பழத்தையும், இந்தப் பெண்டஹாராவையும் பார்க்கணும் என்று மாலுமிகள் வேண்டிக்கிட்டார்களாம். ஒரு அதிகாரிக்கு இதைவிட என்ன பேர் வேணும்?

ஆனா அந்த நூலே இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லுது. அவர் ஒரு நாளைக்கு 6, 7 தடவை உடை மாற்றுவாராம். ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி. எல்லா நிறத்திலும் சட்டை, ஆயிரக்கணக்கில். உடுத்திக்கிட்டு வந்து, எது பொருந்தலைன்னு மனைவியைக் கேட்பாராம். பெரிய ராஜகுமாரர்கள் வந்தாலும் எழுந்திருக்க மாட்டாராம். இதெல்லாம் குற்றமான்னு கேட்டா, சட்டப்படி ஒண்ணும் இல்லை. ஆனா எல்லாரும் தலை குனியக் குனிய, கண்ணாடியில் தெரியிற ஆள் மட்டும் பெரிசாயிக்கிட்டே போறார். சுற்றி நிற்கிறவர்கள் முகம் தெரியாமல் போயிடுது.

அப்படித் தெரியாமல் போன முகங்களில் ஒண்ணு, சுல்தான் மஹ்மூத் ஷா முகம். துன் முத்தாஹிருக்கு துன் பாத்திமா என்று அழகான மகள். அந்தப் பெண்ணைத் தன் கண்ணில் காட்டாமலேயே வேற இடத்தில் கட்டிக் கொடுத்துட்டார் என்று சுல்தான் மனசில் ஒரு முள். அது உள்ளேயே கிடந்தது.

அந்த நேரத்தில் நம்ம ஆட்கள் ரெண்டு பேருக்குள் வழக்கு. ஒருத்தர் ராஜா முதலியார், ஷாபந்தர், பெரிய பணக்காரர். இன்னொருத்தர் நைனா சூரா தேவனா, வியாபாரிகளின் தலைவர். வழக்கு பெண்டஹாரா முன்னால் போக வேண்டியது. நைனா சூரா தேவனா முந்திக்கிட்டு, ராத்திரியோட ராத்திரியா 10 காத்தி தங்கத்தைக் கொண்டு போய்ப் பெண்டஹாராவிடம் கொடுத்தார். அவரும் வாங்கிக்கிட்டார். இவருக்குச் சொந்தக்காரன் கித்தூல் என்று ஒருத்தன். அவன் ராஜா முதலியாருக்குக் கடன்காரன். கடனைத் தள்ளுபடி செய்தால் போதும் என்று, நடுராத்திரி போய் இந்த விஷயத்தை அவரிடம் சொன்னான். கூடவே, உங்களைக் கொல்லப் போறாங்க என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னான். பயந்து போன ராஜா முதலியார், லக்சமானா கோஜா ஹசானுக்குத் தங்கத்தைக் கொடுத்து, பெண்டஹாரா அரியணைக்கு ஆசைப்படுறார் என்று சுல்தான் காதில் போடச் சொன்னார்.

சுல்தான் விசாரிக்கலை. மனசில் ஏற்கனவே முள் இருந்தது. அதிகாரம் கையில் இருந்தது. 1510-ல் துன் முத்தாஹிரையும், அவர் மகனையும், மருமகனையும், வீட்டு ஆண்களையும் கொல்ல உத்தரவு போட்டார்.

இந்த இடத்தில்தான் கவனிக்கணும். கண்ணாடி முன்னால் நின்ன அதே மனுஷன் கடைசி நேரத்தில் எப்படி நடந்துக்கிட்டார்? மகன் துன் ஹசான் தெமெங்கோங் ஆயுதம் எடுத்துச் சண்டைக்குத் தயாராகிட்டான். ஆட்களும் இருந்தாங்க. துன் முத்தாஹிர் தடுத்துட்டார். ராஜாவுக்கு எதிரா எழுந்து குலத்துக்கே கெட்ட பேர் வாங்க வேண்டாம்னு சொல்லி, ஆயுதத்தைக் கீழே போட வச்சு, அமைதியா உயிரை விட்டார் என்று செஜாரா மெலாயு சொல்லுது. வெற்றி அவரைச் சின்ன மனுஷனா ஆக்கியிருந்தது. தோல்வியில் பழைய பெரிய மனுஷன் திரும்பி வந்துட்டார். ஆனா காலம் கடந்துடுச்சு.

பிறகு உண்மை வெளியே வந்தது. ராஜா முதலியார் குடும்பத்தோட கொல்லப்பட்டார். கித்தூலுக்கும் மரண தண்டனை. லக்சமானாவின் பதவியும் சொத்தும் போச்சு. துன் பாத்திமாவை சுல்தான் ராணியாக்கிக்கிட்டார். ஆனா அந்த அம்மா சிரிச்சதே இல்லைன்னு சொல்வாங்க. குற்ற உணர்ச்சி தாங்காமல் சுல்தான், மகன் அகமதுவிடம் ஆட்சியைக் கொடுத்துட்டு ஒதுங்கினார். புதுப் பெண்டஹாராவா வந்தவர் வயசான, நடக்க முடியாத, தூக்கிக்கிட்டுப் போக வேண்டிய ஒரு பெரியவர். வாசலில் எதிரி வந்து நிற்கும்போது மலாக்காவின் நிலைமை இதுதான்.

இப்போ இந்தக் கதையின் முக்கியமான ஆளுக்கு வருவோம். பேர் நைனா சத்து. மேலே சொன்ன நைனா சூரா தேவனா வேற, இவர் வேற. போர்த்துகீசியர்கள் 'நினா' என்று எழுதி வச்சது நயினார் என்ற நம்ம தமிழ் மரியாதைச் சொல்தான். இவர் இந்து. கெலிங் வியாபாரி.

1509 செப்டம்பரில் தியோகோ லோப்ஸ் டி செக்கேரா என்ற போர்த்துகீசியத் தளபதி முதல் தடவையா மலாக்கா வந்தார். வியாபாரம் பேசத்தான் வந்தார். ஆனா இந்தியக் கடற்கரையில் இவர்கள் செய்த அட்டகாசம் இங்கே ஏற்கனவே தெரிஞ்சிருந்தது. அவர்களை மடக்கத் திட்டம் போட்டாங்க. செக்கேரா தப்பிச்சுக் கப்பலை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். கரையில் இருந்த சுமார் 20 பேர் மாட்டிக்கிட்டாங்க. ருய் டி அராவ்ஜோ அவர்களில் ஒருத்தர்.

கைதிகளுக்குச் சோறு, பணம், ஆறுதல் கொடுத்தவர் நைனா சத்து. அதோட விட்டிருந்தால் வெறும் தர்மம் என்று முடிஞ்சிருக்கும். கைதிகள் 1510-ல் எழுதிய கடிதத்தை, மலாக்காவின் நிலவரமும் பலமும் பலவீனமும் எழுதியிருந்த கடிதத்தை, இந்தியாவில் இருந்த அல்புகெர்க் கைக்குப் போய்ச் சேர வழி செய்தவரும் இவர்தான்.

இது தர்மமா, துரோகமா? மலாய் நண்பர்களிடம் கேட்டா ஒரு பதில் வரும். நம்ம ஆட்களிடம் கேட்டா வேற பதில் வரும். நான் நினைக்கிறது இது. பசிச்சவனுக்குச் சோறு போட்டது தர்மம், அதில் சந்தேகம் இல்லை. கடிதம் அனுப்பியதில் இரக்கமும் இருந்திருக்கும், வியாபாரிக் கணக்கும் இருந்திருக்கும். ஒரே மனுஷன் மனசில் ரெண்டும் ஒண்ணா இருக்கும். சாமி கும்பிடுற நமக்கு இது தெரியாததா? உண்டியலில் காசு போடும்போதே பக்கத்தில் யாராவது பார்க்கிறாங்களான்னு ஓரக்கண் போகுதே.

1511 ஜூலை முதல் தேதி அபோன்சோ டி அல்புகெர்க் சுமார் 18 கப்பலோடும், ஆயிரத்துச் சொச்சம் ஆட்களோடும் வந்து நின்னார். ஜூலை 25-ல் முதல் தாக்குதல். ஆகஸ்ட் 10-ல் ரெண்டாவது. ஆகஸ்ட் 24-ல் நகரம் அவர் கையில். வீரர்களுக்குக் கொள்ளையடிக்க அனுமதி கொடுத்தார். ஆனா நைனா சத்து வீட்டையும் சொத்தையும் யாரும் தொடக் கூடாதுன்னு உத்தரவு. மசூதிகளையும் சுல்தான்களின் சமாதிகளையும் இடிச்ச கல்லில் ஆ பமோசா கோட்டை எழும்பியது. அன்றைக்கு ஊப்பேயில் ஒரு வீடு எரியாமல் நிற்க, சுற்றி எத்தனை வீடு எரிஞ்சிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

அல்புகெர்க் கடனை மறக்கலை. நைனா சத்துவைப் பெண்டஹாரா ஆக்கினார். இந்துக்கள் எல்லாருக்கும் அவர்தான் தலைவர். துன் முத்தாஹிர் உட்கார்ந்திருந்த இடத்தில், கொஞ்ச காலத்துக்குள், தமிழ் இந்து வியாபாரி ஒருத்தர். மலாக்கா வரலாற்றில் அதற்கு முன்னால் நடக்காத விஷயம்.

பதவியில் அவர் சும்மா இருக்கலை. போர்த்துகீசியர்களிடம் பீரங்கி இருந்தது. ஆனா இந்தக் கடலின் வியாபாரம் தெரியாது. எந்தக் காற்றில் எங்கே போகணும், எங்கே என்ன விற்கும், யாரை நம்பலாம், எல்லாம் இவருக்குத் தெரியும். போர்த்துக்கல் ராஜாவோடு பாதிப் பாதி பங்கு போட்டுக் கப்பல் அனுப்பினார். பர்மா பக்கம் பெகுவுக்கு ஒண்ணு, நம்ம சென்னைக்கு வடக்கே இருக்கிற பழவேற்காட்டுக்கு ஒண்ணு. 1513-ல் ஜோர்ஜ் அல்வாரெஸ் சீனக் கடற்கரைக்குப் போனதைத்தான் ஐரோப்பியர் கடல் வழியா சீனாவைத் தொட்ட முதல் பயணம்னு வரலாறு சொல்லுது. அந்தப் பயணத்துச் சரக்கிலும் நைனா சத்து பங்காளி. போர்த்துகீசிய மலாக்கா முதல் 2, 3 வருஷம் பட்டினி கிடக்காமல் நின்னதுக்கு இந்த மனுஷன் ஒரு பெரிய காரணம்.

இந்த மாதிரி நேரத்தில் மனுஷனுக்கு என்ன தோணும்? நான் இல்லாமல் இது நடக்காதுன்னு தோணும். அது உண்மையாகவும் இருக்கும். அதுதான் ஆபத்து. பொய்யான பெருமையைச் சீக்கிரம் உடைச்சுடலாம். உண்மையான உழைப்பிலிருந்து வளர்ற பெருமையை உடைக்கவே முடியாது. நான் வேலை செய்யிற இடத்திலும் பார்த்திருக்கேன். நேற்று வரைக்கும் எல்லார்கூடவும் உட்கார்ந்து பசியாறின பையன், லைன் லீடர் ஆன மறுவாரம் தனி மேசை தேடுவான். வேலை தெரியாதவன் இல்லை, நல்லா வேலை தெரிஞ்சவன்தான்.

1514-ல் காற்று மாறுச்சு. சுல்தான் மஹ்மூதின் மருமகன், கம்பார் ராஜா அப்துல்லா, போர்த்துகீசியர்கள் பக்கம் வந்தார். மலாய் ராஜகுடும்பத்து ஆள் பெண்டஹாராவா இருந்தால் ஓடிப்போன மலாய்க்காரர்கள் திரும்பி வருவாங்க, ஊர் பழையபடி நிறையும்னு அல்புகெர்க் கணக்குப் போட்டார். நைனா சத்துவை எடுத்துட்டு அப்துல்லாவைப் போடச் சொல்லி உத்தரவு வந்தது. நைனா சத்து ஒரு தப்பும் செய்யலை. தேவை முடிஞ்சுடுச்சு, அவ்வளவுதான்.

போர்த்துகீசிய வரலாற்று ஆசிரியர்கள் எழுதி வச்சது இது. நைனா சத்து பொது இடத்தில் தூண் நிறுத்தி ஒரு மேடை கட்டச் சொன்னார். அதில் விரிப்பும் பூவும் வாசனையும். பக்கத்தில் சந்தனம், அகில் கட்டை அடுக்கின நெருப்பு. தங்கச் சரிகை உடை, நகை எல்லாம் போட்டுக்கிட்டு வந்து மேடை ஏறினார். கூடியிருந்த ஜனங்களிடம் போர்த்துகீசியர்களுக்குத் தான் செய்ததையெல்லாம் சொன்னார். உயிரைவிட மானம் பெரிசுன்னு மற்றவர்களுக்காக நின்ன நான், என் விஷயத்தில் மட்டும் அதை விட்டுக்கொடுக்க முடியுமாங்கிற கருத்தில் பேசி முடிச்சு, நெருப்பில் இறங்கிட்டார்.

இந்தச் செய்தி ஐரோப்பா வரைக்கும் போச்சு. பிரான்சின் பெரிய சிந்தனையாளர் மோந்தேன், தன் கட்டுரை நூலில் இந்தச் சம்பவத்தை எழுதியிருக்கார். நம்ம ஊப்பே வியாபாரி பேர் கொஞ்சம் சிதைஞ்ச உச்சரிப்போட அதில் இருக்கு. உலகமே படிக்கிற புத்தகத்தில் இருக்கிற மலாக்காத் தமிழன் பேர், மலாக்காவில் இருக்கிற நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

சிலர் இதை மானம் காத்த வீரம்னு சொல்வாங்க. நான் அப்படி எழுத மாட்டேன். காரணம் சொல்றேன். திருக்குறளில் மானம் என்று ஒரு அதிகாரம் இருக்கு, 97-வது. அதே வள்ளுவர் 63-வது அதிகாரமா இடுக்கண் அழியாமை என்று ஒண்ணு வச்சிருக்கார். துன்பம் வரும்போது மனசு உடையாமல் நிற்பது பற்றி. ரெண்டையும் சேர்த்துத்தான் படிக்கணும். நைனா சத்துவின் அறிவு, வியாபார நுணுக்கம், கைதிக்குச் சோறு போட்ட கை, எதையும் அல்புகெர்க் எடுக்கலை. எடுக்கவும் முடியாது. எடுத்தது ஒரு பட்டம். அந்தப் பட்டம் வர்றதுக்கு முன்னாலேயே அவர் பெரிய மனுஷன்தான். ஆனா 3 வருஷத்தில் பட்டமும் அவரும் ஒண்ணாயிட்டாங்க. பட்டத்தைப் பிடுங்கினப்போ உயிரையே பிடுங்கினது மாதிரி ஆயிடுச்சு. எனக்கு அவர் மேல் கோபம் வரலை. பரிதாபம்தான் வருது. அவர் உயிரோட இருந்திருந்தால் மறு வருஷம் என்ன நடந்ததுன்னு பார்த்திருப்பார்.

என்ன நடந்தது? ராஜா அப்துல்லாவைப் பற்றி வதந்தி கிளம்புச்சு. மாமனார் சுல்தானோட ரகசியமா சேர்ந்துட்டார்னு. 1515-ல் போர்த்துகீசியர்களே அவரைப் பிடிச்சுத் தலையை வெட்டிட்டாங்க. 5 வருஷத்துக்கு முன்னால் துன் முத்தாஹிருக்கு நடந்த அதே கதை. சந்தேகம், விசாரணை இல்லாத தண்டனை, பிறகு ஊர் ஜனம் பயந்து ஓடுறது. ஆட்சி மாறுச்சு, மதம் மாறுச்சு, மொழி மாறுச்சு. நாற்காலி செய்த வேலை மட்டும் மாறலை.

அல்புகெர்க்? மலாக்காவில் அள்ளின பொருளை ஏற்றிக்கிட்டுப் போன அவருடைய புளோர் டி லா மார் கப்பல், 1511 நவம்பரிலேயே சுமத்ரா கரையோரம் மூழ்கிடுச்சு. அவர் உயிர் தப்பினார். 1515-ல் ஹோர்முஸ் தீவைப் பிடிச்சுட்டு, உடம்பு முடியாமல் கோவாவுக்குத் திரும்புற வழியில் செய்தி வந்தது. அவரைப் பதவியிலிருந்து எடுத்தாச்சு. புதுசா வர்றவர் லோப்போ சோவாரெஸ், இவருக்கு ஆகாதவர். நைனா சத்துவுக்கு இவர் செய்ததை இவருக்கு இவருடைய ராஜா செய்தார். மகனைக் கவனிச்சுக்கோங்கன்னு ராஜாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். டிசம்பர் 16-ம் தேதி, கோவாத் துறைமுகத்துக்கு முன்னால் கப்பலிலேயே உயிர் போச்சு. கடைசிக் கடிதத்தில் மலாக்கா வென்ற தளபதி இல்லை, ஒரு அப்பாதான் இருந்தார்.

சுல்தான் மஹ்மூத் ஷா தோல்விக்குப் பிறகு ரொம்ப நாள் இருந்தார். மூவார், பகாங், பிந்தான்னு அலைஞ்சார். தோல்வி அவரைத் திருத்துச்சான்னு கேட்டா, பாதிதான். பெற்ற மகன் அகமதுவையே கொல்ல வச்சார்னு செஜாரா மெலாயு சொல்லுது. அந்தப் பழைய கோபமும் சந்தேகமும் போகலை. ஆனா இன்னொரு பக்கம், விடாமல் போராடினார். மலாக்காவைத் திரும்பப் பிடிக்கத் திரும்பத் திரும்பப் படை அனுப்பினார். 1526-ல் பிந்தானும் அழிஞ்சது. 1528-ல் கம்பாரில் காலமானார். அவர் மகன்தான் ஜொகூர் சுல்தானகத்தைத் தொடங்கினவர்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு மகாபாரதத்து நகுஷன் ஞாபகம்தான் வரும். நூறு அசுவமேதம் செய்த புண்ணியவான். இந்திரன் ஒளிஞ்சுக்கிட்ட நேரத்தில் தேவர்களே வந்து இந்திர பதவியைக் கொடுத்தாங்க. அவரா கேட்கலை. தகுதி இருந்துதான் கொடுத்தாங்க. உட்கார்ந்த கொஞ்ச நாளில் இந்திராணி மேல் ஆசை வந்தது. பல்லக்குத் தூக்க ரிஷிகளை நிறுத்தினார். சீக்கிரம் போ போன்னு அவசரப்படுத்தி அகத்தியரைக் காலால் உதைச்சார். பாம்பாகப் போன்னு சாபம். காட்டில் மலைப்பாம்பா கிடந்து, கடைசியில் தர்மரிடம் தர்மத்தைப் பற்றிக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கித்தான் விமோசனம். சிம்மாசனத்தில் இருந்தப்போ யாரிடமும் ஒரு கேள்வி கேட்காதவர், பாம்பா கிடந்தப்போதான் கேள்வி கேட்கக் கத்துக்கிட்டார். துன் முத்தாஹிருக்கும் கடைசி ராத்திரியில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

சரி, தோல்வியை நல்லபடியா தாங்கினவங்க இந்தக் கதையில் யாருமே இல்லையான்னு கேட்பீங்க. இருக்காங்க. அவங்க தனி ஆள் இல்லை. ஒரு சமூகம்.

நைனா சத்து காலத்து இந்து வியாபாரிகளின் வழியில் வந்தவங்கதான் மலாக்கா செட்டிகள். 1641-ல் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடிச்சாங்க. போகப் போகப் பெரிய வியாபாரம் எல்லாம் கைவிட்டுப் போச்சு. கப்பல் வச்சிருந்த குடும்பங்கள் காஜா பேராங் பக்கம் போய் நிலத்தில் பாடுபட்டுப் பிழைச்சாங்க. தமிழ் பேச்சும் மெல்ல மறைஞ்சு வீட்டில் மலாய் வந்துடுச்சு. உடை மாறுச்சு, சாப்பாடு மாறுச்சு. பணம், பதவி, மொழி மூணும் போன பிறகு மனுஷன் கையில் என்ன மிச்சம்?

அவங்க கையில் சாமி மிச்சம் இருந்தார். 1781-ல், அந்தச் சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டி காலத்தில், டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் கட்டினதுதான் இன்றைக்கும் ஜாலான் துக்காங் எமாஸில் நிற்கிற ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம். பழைய ஊப்பே இருந்த பக்கத்திலேயே இருக்கு. நாட்டிலேயே மிகப் பழைய இந்து ஆலயங்களில் ஒண்ணு. அதே தெருவில் கம்போங் கெலிங் பள்ளிவாசலும், கொஞ்ச தூரத்தில் சீனர் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில். காஜா பேராங்கில் 1822-ல் ஸ்ரீ முத்து மாரியம்மன் ஆலயம். மலாயில் பேசுற அந்த மக்கள், அம்மனைத் தாத்தோ சாச்சார்னு கூப்பிட்டு, வருஷா வருஷம் விரதம் இருந்து காவடி எடுக்கிறாங்க.

நைனா சத்து கட்டின மேடை ஒரே நாளில் சாம்பலாச்சு. ஆ பமோசா கோட்டையில் ஒரு வாசல்தான் மிச்சம். தோத்துப் போனவங்க கட்டின கோயிலில் இன்றைக்குக் காலையிலும் மணி அடிச்சது. நேற்று ராத்திரி இந்தக் கணக்கை யோசிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் தூங்கலை.

இப்போ நம்ம விஷயத்துக்கு வர்றேன். யாரையும் குத்திக்காட்ட எழுதலை. தலைவர், செயலாளர், பொருளாளர், உபயகாரர், ஏன், என்னை மாதிரி செருப்பு அடுக்கி, அன்னதானத்தில் சாதம் போடுற தொண்டனுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். வருஷக்கணக்கா ஒரே கரண்டியைப் பிடிச்சவனுக்கு அந்தக் கரண்டியே நாற்காலி ஆயிடும். "இது என் இடம், நீ யாரு?"ன்னு கேட்க வச்சுடும்.

நான் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கிட்டது நாலு விஷயம்.

முதலாவது, பதவியில் இருக்கிறவர் தன்னைக் கேள்வி கேட்கிற ஒரு ஆளையாவது பக்கத்தில் வச்சுக்கணும். துன் முத்தாஹிருக்குக் கண்ணாடி இருந்தது, எதிர்த்துப் பேச ஆள் இல்லை. கணக்குக் கேட்கிற உறுப்பினரை எதிரின்னு நினைக்காதீங்க. அவர்தான் உங்களைக் காப்பாத்துறவர்.

ரெண்டாவது, காதில் வந்து விழுற செய்தியை வச்சு யாரையும் தள்ளி வைக்காதீங்க. கித்தூல் ஒரு கடனுக்காகச் சொன்ன பாதிப் பொய்தான் மலாக்காவின் நல்ல நிர்வாகியைக் கொன்னுச்சு. இன்றைக்குக் கித்தூல் நடுராத்திரி நடந்து வர வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டாலே போதும். சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு நேரா கேளுங்க.

மூணாவது, ஒருத்தரை மாத்த வேண்டிய நேரம் வந்தால் மாத்துங்க, தப்பில்லை. எந்தப் பதவியும் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்தது இல்லை. ஆனா மாத்துற விதம் இருக்கு. அவர் செய்த வேலையைச் சபையில் சொல்லி, மாலை போட்டு, கை கொடுத்து இறக்குங்க. அப்துல்லாவை ஏத்தணும்னா நைனா சத்துவை அவமானப்படுத்தித்தான் ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்லை. மலாக்காவில் அன்றைக்கு அது யாருக்கும் தோணலை.

நாலாவது, பதவி போனவருக்கு. ஐயா, அம்மா, உங்களிடமிருந்து எடுத்தது ஒரு லெட்டர்ஹெட்டும் ஒரு முத்திரையும்தான். நீங்க பாடின தேவாரம், இழுத்த தேர், கழுவின பிரகாரம் எதையும் எந்த மகாசபையும் ஓட்டுப் போட்டு எடுக்க முடியாது. சாமி உங்க பதவியைப் பார்த்து உங்களை அடையாளம் வச்சுக்கலை. மனசு ரொம்ப பாரமா இருந்தா தனியா உட்கார்ந்து யோசிக்காதீங்க. வந்து எங்ககூட உட்காருங்க, பேசுங்க. பக்கத்தில் இருக்கிறவங்களும் கொஞ்சம் கவனிங்க. ரெண்டு வெள்ளிக்கிழமை ஒருத்தர் வரலைன்னா, மூணாவது வெள்ளிக்கிழமை அவர் வீட்டு வாசலில் போய் நில்லுங்க. "என்னண்ணே, ஆளையே காணோம்?"னு கேளுங்க. அதுவும் தொண்டுதான். பூஜை சாமான் துலக்குறதைவிடப் பெரிய தொண்டு.

அடுத்த தடவை டவுனுக்குப் போறப்போ, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஜாலான் துக்காங் எமாஸ் போங்க. பொய்யாத விநாயகரைக் கும்பிட்டுட்டு, வெளியே வந்து அந்தத் தெருவில் நின்னு நைனா சத்து கதையைச் சொல்லுங்க. முழுசா சொல்லுங்க, சோறு போட்டதையும், கடிதம் அனுப்பினதையும், பட்டம் வந்ததையும், போனதையும். வெறும் பெருமையா மட்டும் சொல்லாதீங்க. அவர் ஆத்மா சாந்திக்கு ஒரு விளக்கு ஏத்தினாலும் நல்லது. 500 வருஷமா அவருக்கு யாரும் ஏத்தியிருக்க மாட்டாங்க.

பதவியில் இருக்கிறவங்களுக்கு விநாயகர் நிதானம் கொடுக்கட்டும். இறங்கினவங்களுக்குத் தைரியம் கொடுக்கட்டும். நமக்கெல்லாம் ஒருத்தரை ஒருத்தர் தாங்குற மனசைக் கொடுக்கட்டும்.

படிச்சவங்க மற்ற ஆலயக் குழுக்களுக்கும் பகிருங்க. உங்க வீட்டுப் பெரியவங்க மலாக்கா செட்டி மக்களைப் பற்றியோ பழைய ஆலயங்களைப் பற்றியோ ஏதாவது சொல்லியிருந்தா கீழே எழுதுங்க, எல்லாரும் தெரிஞ்சுக்குவோம்.



கிளேபாங்கிலிருந்து
ஒரு ஆலயத் தொண்டன்